முடக்குவாதமும் கைப்பயிற்சியும்

ஈழத்தின் வடமுனையிலே கடலை எல்லையாகக் கொண்டு விளங்குவது பருத்தித்துறை. முற்காலத்தில் இத்துறைவழியே பருத்தி ஏற்றுமதியானமையால் இப்பெயர் எய்தியது என்பர். பருத்தி ஏறிய காலம் மறைந்து போயினும், கையுழைப்பை நம்பி வாழும் ஊர் என்னும் இயல்பு இவ்வூரை விட்டு நீங்கவில்லை. கடற்கரையிலே கிழிந்த வலையைப் பொத்துவன விரல்கள். திண்ணையிலே பனையோலையைக் கிழித்துப் பெட்டியும் கடகமும் இழைப்பன விரல்கள். குடாநாடெங்கும் பெயர்போன பருத்தித்துறை வடையை மெல்லிதாகத் தட்டி எண்ணெய்யில் இடுவனவும் விரல்களே. தேங்காய் திருவுதல், பால் பிழிதல், இடியப்பம் பிழிதல், துணி முறுக்கிப் பிழிதல் என்று வீட்டுக்குள்ளே விடியற்காலை தொடங்கி இரவு வரை நடைபெறும் வேலைகளுக்கோ கணக்கில்லை.

இத்தகைய கை ஒருநாட் காலையில் மடங்க மறுக்கின்றது. விரல்களின் அடிமூட்டுக்கள் வீங்குகின்றன, மணிக்கட்டுச் சுடுகின்றது, நித்திரைவிட்டு எழுந்து ஒரு மணி நேரம் சென்றும் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. ஒரு கையில் எந்த மூட்டு நோகின்றதோ பெரும்பாலும் மற்றக் கையிலும் அதே மூட்டு நோகின்றது. இந்நோயையே தமிழர் முடக்குவாதம் என்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரையில் பெண்கள்.

கை நோகத் தொடங்கியதும் வீட்டிலுள்ளோர் சொல்லும் முதல் வார்த்தை யாது? “கையைச் சும்மா வைத்திரு, வேலையை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்பதே. அன்பினாற் பிறந்த வார்த்தை அது. ஆயினும் அவ்வார்த்தையின்படி நடந்த கைகள் பின்னர் என்னவாயின என்பதற்கு வைத்திய வரலாறு சான்று கூறுகின்றது. நோயுற்ற கையை ஓயவைப்பதா, அசைப்பதா என்னும் வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்தது. அவ்வழக்கின் தீர்ப்பு நம் வீட்டுத் திண்ணைக்கும் வேண்டியதொன்று.

முதலில் நம்மவர் நூல்களை நோக்குவோம். வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றினையும் அடிப்படையாகக் கொண்டது சித்த வைத்தியம். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது என வகுக்கின்றது. கீல் என்பது மூட்டு. மூட்டைப் பற்றிய வாயு கீல்வாயு எனப்பட்டது. யாழ்ப்பாணத்து அரசர் பெயர்களைத் தாங்கி நிற்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இம்மரபை இக்குடாநாட்டில் நிலைநிறுத்தின. பரராசசேகரத்தைத் தேடி எடுத்து அச்சேற்றிய பெருமை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்களுக்கு உரியது. இன்றும் கைதடியிலே சித்த வைத்தியம் கற்பிக்கப்படுகின்றது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அக்கல்வியை 1984ஆம் ஆண்டிலே தொடங்கியது.

பெயர்களிலும் வரலாறு உறைந்து கிடக்கும். வேலிகளிலே படரும் ஒரு மெல்லிய கொடிக்கு முடக்கொத்தான் என்று பெயர். முடக்கு அறுத்தான் என்பதன் மரூஉ அது. ஒரு கொடிக்கு இப்பெயரை இட்ட மக்கள், முடக்கத்தையே நோயின் கொடிய பகுதியாகக் கண்டனர் என்பது தெளிவு. நோவு வரும், போகும். முடக்கமோ வந்தால் எளிதிற் போகாது. கொடியால் முடக்கு அறுமோ அறாதோ, நோயின் பகை எது என்பதை அப்பெயரிட்டோர் சரியாகவே அறிந்திருந்தனர்.

இதனினும் சிறந்த சான்று தொக்கணம் என்னும் சிகிச்சையிலே உண்டு. உடம்பைக் கையாற் பிடித்துவிடும் முறைக்குத் தொக்கணம் என்று பெயர். சித்த வைத்திய நூல்கள் அதனை ஒன்பது வகையாகப் பிரிக்கும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல் என எட்டினையும் சொல்லி, ஒன்பதாவதாக அசைத்தல் என்பதனை வைத்தனர். எண்ணெய் பூசுவதோடும் ஒத்தடம் கொடுப்பதோடும் நில்லாது, மூட்டினை அதன் இயல்பான வழியிலே அசைத்தலும் வைத்தியமே என்று அவர்கள் கொண்டனர். யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியரும், கட்டவிழ்த்த பின்னர் எண்ணெய் தடவி மூட்டை மடக்கி நீட்டிப் பழக்குவதை மறப்பதில்லை.

மேனாட்டு வைத்தியம் தமிழிலே பேசத் தொடங்கியதும் இக்குடாநாட்டிலேதான். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயிலே தமது வைத்தியப் பணியை நிலைபெறச் செய்தார். இடையிலே சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டு, 1873 வரை இங்கே தொண்டாற்றினார். தமிழிலேயே வைத்தியம் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியர் ஆக்கினார். அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய தமிழ் நூல்களுள் 1867இல் வெளிவந்த இரண வைத்தியம், 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன குறிப்பிடத்தக்கன. கையின் எலும்புகளையும் தசைகளையும் நரம்புகளையும் வெட்டிச் சோதித்துக் கண்ட அறிவு, இங்ஙனம் தமிழ்ச் சொற்களிலே முதன்முதல் இறங்கியது.

அவ்வறிவு கூறுவது இது. ஒரு கையில் 27 எலும்புகள் உள. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. எலும்பும் எலும்பும் கூடும் இடத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்திருக்கும். அச்சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீரே மூட்டை உராயாமற் காக்கின்றது. முடக்குவாதத்திலே, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி இச்சவ்வைத் தாக்குகின்றது. சவ்வு தடிக்கின்றது, மூட்டு வீங்குகின்றது, நாட்செல்ல எலும்பின் முனைகள் அரிக்கப்படுகின்றன. மூட்டைச் சூழ்ந்த நார்கள் தளர்ந்ததும் விரல்கள் சின்னவிரற் பக்கமாகச் சாயத் தொடங்குகின்றன. நோவுக்கு அஞ்சி அசைக்காது வைத்தால் தசை மெலிகின்றது, தசைநார் சுருங்குகின்றது. அப்பொழுது நோயினால் வந்த முடக்கத்தோடு ஓய்வினால் வந்த முடக்கமும் சேர்ந்துகொள்ளுகின்றது.

இந்நோய்க்குத் தனி அடையாளம் கண்டவர் பிரான்சு தேசத்து இளம் வைத்தியராகிய லான்ட்றே போவே. பாரிஸ் நகரத்துச் சல்பெற்றியேர் வைத்தியசாலையிலே கண்ட நோயாளரைக் கொண்டு அவர் 1800ஆம் ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுதினார். அதுவரையில் மூட்டு வீக்கம் எல்லாம் செல்வர்க்கு வரும் நோய் என்று எண்ணப்பட்டது. விருந்தும் மதுவும் மிக்க ஆடவரைப் பற்றும் நோய் அதுவெனக் கருதினர். லான்ட்றே போவே கண்டவரோ பெரும்பாலும் ஏழைப் பெண்கள். இது வேறு நோய் என்று அவர் துணிந்தார். இதற்கு இன்று ஆங்கில வைத்தியத்திலே வழங்கும் பெயரை, 1859இல் இலண்டன் மாநகரத்து அல்பிரட் பாரிங் கரொட் என்பவர் இட்டார்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. மருந்தில்லாத இடத்தை ஓய்வு என்னும் கொள்கை நிரப்பியது. 1863இல் ஜோன் ஹில்ற்றன் என்னும் இங்கிலாந்துச் சத்திர வைத்தியர், ஓய்வும் நோவும் பற்றிய தமது விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். காயமும் வீக்கமும் ஆறுதற்கு இயற்கை வேண்டுவது ஓய்வே என்பது அவர் கருத்து. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமஸ் ஒருபடி மேற்சென்று, மூட்டு நோய்க்கு ஓய்வு கட்டாயமானதாகவும் இடையறாததாகவும் நீண்டதாகவும் இருத்தல் வேண்டும் என்றார். முறிந்த எலும்புக்கும் காசநோய் பற்றிய மூட்டுக்கும் அவர் கொள்கை பெரும்பயன் அளித்தது. அதனாலே அதற்கு மதிப்பு ஓங்கியது. ஆனால் ஒரு நோய்க்கு நன்றாயிருந்த விதி மற்றொரு நோய்க்கும் நன்றாயிருக்கும் என்பது நியதியன்று. முடக்குவாதக்காரரையும் வாரக்கணக்கிலே படுக்கையிற் கிடத்தினர். கைகளைச் சாந்துக் கட்டுக்குள்ளே வைத்தனர். வீக்கம் வற்றியது உண்மை. கட்டை அவிழ்த்தபோது பல கைகள் மடங்க மறந்திருந்தன என்பதும் உண்மை.

அக்காலத்திலேயே, வைத்தியர் அல்லாத ஒருவர் வேறு வழியிலே சென்றார். அவர் பியர் ஓகுஸ்த் ரெனுவார் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர். 1841இல் பிறந்த ரெனுவாரை ஐம்பது வயதளவிலே முடக்குவாதம் பற்றியது. கை அவருக்கு உணவு. கை அவருக்கு உயிர். எனவே அவர் நாள்தோறும் காலையிலே ஓவியம் தீட்டச் செல்லுமுன் சில நிமிடம் சிறு பந்துகளை மாறி மாறி எறிந்து பிடித்துப் பழகினார். விரல்கள் பந்தைப் பிடிக்கமாட்டாத நிலை வந்தபோது வேறு விளையாட்டுக்கு மாறினார். வெப்பமான நாட்டை நாடி 1907இல் தென்கடற்கரைக் கான்யே ஊரிலே நிலம் வாங்கினார். ஏறத்தாழ 1912 முதல் நாற்காலி வண்டியிலேயே காலங் கழித்தார். உட்புறமாக மடங்கிய விரல்கள் உள்ளங்கையைப் புண்ணாக்காவண்ணம் துணி சுற்றி, பிறர் தூரிகையை விரலிடையே செருகிக் கொடுக்க, 1919 டிசம்பரில் இறக்கும்வரை அவர் தீட்டிக்கொண்டேயிருந்தார். தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டினர் என்று கதை வழங்குவதுண்டு, அது சரியன்று. பிடித்தது அவர் கையேதான்.

ரெனுவாரின் பந்துகள் நோயை மாற்றவில்லை. அவர் மூட்டுக்கள் அழிந்தன; விரல்கள் கோணின. பயிற்சியொன்றே போதும் என்று கூறுவார்க்கு அவர் வாழ்வு மறுப்பாகும். ஆயினும், கோணிய கையிலும் தொழில் எஞ்சியிருக்கும் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இவ்விரு பாடங்களையும் சேர்த்துக் கற்க உலகிற்கு மேலும் நெடுங்காலம் சென்றது.

1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையிலே பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதத்தால் நடக்கமாட்டாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கோட்டிசோன் என்னும் மருந்தை ஊசிமூலம் ஏற்றினார். சில நாட்களிலே அப்பெண் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்சும் அவருடன் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர். நோய் தீர்ந்தது என்று உலகம் ஆரவாரித்தது. ஆனால் அம்மருந்தை நெடுநாள் மிகுதியாகக் கொண்டால் எலும்பு மெலிதல் முதலிய தீங்குகள் விளையும் என்பது விரைவிலே தெரிய வந்தது.

அதே 1948ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு வேலூரிலே வேறொரு பணி தொடங்கியது. கொல்லிமலையிலே மிஷனரிமார்க்கு மகனாகப் பிறந்த டொக்டர் போல் பிராண்ட், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே தொழுநோயால் மடங்கிய கைகளைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தத் தலைப்பட்டார். தொழுநோய் வேறு, முடக்குவாதம் வேறு. முன்னையது நரம்பைக் கெடுப்பது. பின்னையது மூட்டைக் கெடுப்பது. ஆயினும் வேலூர் கற்பித்த பாடம் இரண்டிற்கும் பொது. தசைநாரை இடம்மாற்றித் தைத்துவிட்டால் மட்டும் கை வேலை செய்வதில்லை. சத்திர சிகிச்சைக்குப் பின்னர் நாள்தோறும் விரலை அசைத்து, மூளைக்கும் கைக்கும் புதிய உறவைப் பழக்கினாலன்றி அது தொழிலுக்கு உதவுவதில்லை. ஆகவே அங்கே கத்தியைப் போலவே கைப்பயிற்சியும் சிகிச்சையாயிற்று. அங்கே நிறுவப்பெற்ற நவஜீவ நிலையத்திலே நோயாளர் மரவேலை பழகி, பொம்மைகள் செய்து, தம் கையால் உழைக்கக் கற்றனர். பயன்படாது என்று கைவிடப்பட்ட கை பொருள் ஈட்டும் கையாயிற்று.

முடக்குவாதத்திற்கு இப்பாடம் மெல்லவே வந்து சேர்ந்தது. அசைத்தால் மூட்டுத் தேயும் என்னும் அச்சம் வைத்தியரிடத்தும் நெடுநாள் இருந்தது. 1975இல் ஸ்வீடன் நாட்டு எக்புளோம் என்பவரும் அவர் கூட்டத்தாரும் முடக்குவாத நோயாளரைப் பயிற்சி செய்வித்துப் பார்த்து, அவர்தம் வலிமை பெருகியதையும் நோய் முற்றாமையையும் வெளியிட்டனர். 1980களில் மெதோட்றெக்சேற் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. சவ்வின் அழற்சியை ஆண்டுக்கணக்காக அடக்கவல்ல அம்மருந்து, பயிற்சிக்கு வாய்ப்பான அமைதியை மூட்டுக்கு அளித்தது. மருந்து நெருப்பை அவிக்க, பயிற்சி கதவைத் திறந்து வைக்கின்றது என்னும் முறை இவ்வாறு உருவாயிற்று.

கைக்கு மட்டும் உரிய பயிற்சியைத் தராசிலே இட்டு நிறுத்துப் பார்த்தது இங்கிலாந்து. அங்கே 17 இடங்களிலே, முடக்குவாதத்தால் கை பாதிக்கப்பட்ட 490 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் தத்தம் மருந்துகளை உண்டனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை கிடைத்தது. மற்றப் பிரிவினர்க்கு, அதனோடு கையை மடக்கி நீட்டி வலுப்படுத்தும் பயிற்சிகளும் கற்பிக்கப்பட்டன. அவற்றை வீட்டிலே நாள்தோறும் செய்யுமாறு ஊக்கமும் அளிக்கப்பட்டது. ஓராண்டின் பின்னர், நூறு புள்ளிகொண்ட அளவையால் கையின் செயற்றிறனை அளந்தனர். பயிற்சி செய்தோர் ஏறத்தாழ 8 புள்ளி முன்னேறினர். மற்றவர் 4 புள்ளிக்கும் குறைவாகவே முன்னேறினர். 2015ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. அந்நாட்டு வைத்திய வழிகாட்டியும் இத்தகைய பயிற்சியை ஏற்றுக்கொண்டது.

இம்முடிவிலே ஊன்றி நோக்கத்தக்கவை மூன்று. பயிற்சி செய்தோர்க்கு நோவு மற்றவரினும் குறைந்துவிடவில்லை. ஆனால் நோவு கூடவுமில்லை. அசைத்தால் கெடும் என்ற பழைய அச்சம் அடிப்படையற்றது என்பது இதனாற் புலப்பட்டது. இரண்டாவது, முன்னேறியது கையின் தொழில். சாவி திருப்பவும் சட்டை பூட்டவும் சோறு பிசையவும் உதவும் தொழில். மூன்றாவது, இரண்டாண்டு கடந்து பார்த்தபோது இரு பிரிவினர்க்கும் இடையிலிருந்த வேறுபாடு குறைந்திருந்தது. பயிற்சியைத் தொடர்ந்தவர் தொகையும் குறைந்திருந்தது. பல் விளக்குதல் போலவே, இதுவும் நாள்தோறும் செய்யவேண்டிய கடமை.

அப்பயிற்சிகள் எத்தகையன? அரிய கருவி எதுவும் வேண்டாதன. காலையில் விரல்கள் விறைத்திருக்குமாதலால், முதலில் இளஞ்சூடான நீரிலே சில நிமிடம் கைகளை வைத்தல் நன்று. பின்னர் மேசைமீது முழங்கையை ஊன்றி, மணிக்கட்டை மெல்ல வட்டமாகச் சுற்றுதல் வேண்டும். அடுத்து, விரல்களை நேராக வைத்துக்கொண்டே அடிமூட்டில் மட்டும் மடக்கி நிமிர்த்துதல். அதன்பின் நிமிர்ந்த கையிலிருந்து விரல்களைக் கொக்கிபோல வளைத்து, மீண்டும் நிமிர்த்தி, பின்னர் மெல்லப் பொத்திப் பிடித்து விரித்தல். உள்ளங்கையை மேசைமீது படியவைத்து விரல்களை விரித்துச் சேர்த்தல் வேறொன்று. அவ்வாறே வைத்து, சுட்டுவிரல் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பெருவிரற் பக்கம் நகர்த்துதல் மிக இன்றியமையாதது. விரல்கள் சின்னவிரற் பக்கம் சாய்வதற்கு எதிரான இயக்கம் அதுவே. கையைத் தலையின் பின்னும், முதுகின் பின்னும் கொண்டுசெல்லுதலும் இவற்றோடு சேரும். கூந்தல் முடியவும் முதுகு தேய்க்கவும் தோளும் முழங்கையும் துணை செய்தல் வேண்டுமன்றோ?

இவை மூட்டை இளக்குவன. வலுவூட்டுவன பின்னர் வரும். நனைத்த பஞ்சையோ மென்மையான உருண்டையையோ உள்ளங்கையில் வைத்து மெல்ல அமுக்கி விடுதல், பெருவிரலுக்கும் மற்ற விரலுக்கும் இடையே வைத்து அமுக்குதல், விரலிடையிலே செருகி இறுக்குதல் என்பன அவை. சிலவாகத் தொடங்கி, வாரம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் முறை.

எவ்வளவு செய்வது? இதற்கு உடலே நீதிபதி. பயிற்சியின்போது சிறு நோவு தோன்றுதல் இயல்பு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கடந்தும் நோவு மிகுந்தேயிருப்பின், செய்தது அதிகம் என்பது பொருள். மறுநாள் குறைத்துக்கொள்ளல் வேண்டும். மூட்டுச் சிவந்து சுட்டு வீங்கிய நாட்களில் வலுவூட்டும் பயிற்சியை நிறுத்தி, மெல்லிய அசைவை மட்டும் செய்தல் போதும். பிறர் கையால் விரலைப் பலவந்தமாக நிமிர்த்துவதும் மடக்குவதும் தகா. நோய் இன்னதென வைத்தியர் கண்டறிந்து, இயன்மருத்துவர் ஒருவர் ஒருமுறையேனும் கையைப் பார்த்துப் பயிற்சியை வகுத்துக் கொடுத்த பின்னர்த் தொடங்குவதே நலம். மருந்தைப் பயிற்சிக்காக நிறுத்துதல் பெருந்தவறு.

‘வீட்டில்தான் நாள் முழுதும் வேலை செய்கிறோமே, இது வேறு எதற்கு?’ என்று கேட்பார் உண்டு. வேலை வேறு, பயிற்சி வேறு. துணியை முறுக்கிப் பிழியும்போது விரல்கள் சின்னவிரற் பக்கமாகவே தள்ளப்படுகின்றன. பாரமான தண்ணீர் வாளியை விரல்களாற் கொக்கிபோலத் தூக்கும்போது தளர்ந்த மூட்டே சுமை தாங்குகின்றது. வேலை ஒரே இயக்கத்தை நூறுமுறை செய்விக்கும். பயிற்சியோ ஒவ்வொரு மூட்டுக்கும் உரிய முழு இயக்கத்தை அளவாகச் செய்விக்கும். ஆகவே கையைப் பேணுவோர் வேலை செய்யும் முறையையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். துணியைத் தண்ணீர்க் குழாயிலே சுற்றி இரு கையாலும் முறுக்கலாம். கத்தி, அகப்பை ஆகியவற்றின் பிடிகளிலே துணி சுற்றித் தடிப்பாக்கலாம். போத்தல் மூடியை விரலாற் திருகாது உள்ளங்கையால் அழுத்தித் திருப்பலாம். பானையை இரு கையாலும் ஏந்தலாம். பையைத் தோளில் மாட்டலாம். தேங்காய் திருவுவோர் இடையிடையே நிறுத்திக் கையை விரித்து ஆறவிடலாம். சிறிய மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுதல் என்பதே இவையனைத்துக்கும் அடிப்படையான விதி.

இப்பயிற்சி பருத்தித்துறை போன்ற ஊர்களுக்குச் சிறப்பாக உரியது என்பதற்கு அண்மைக்கால வரலாறும் ஒரு காரணம். 1990க்குப் பின்னர் பாதைகள் அடைபட்டுப் பொருட்கள் தடைப்பட்ட ஆண்டுகளில், குடாநாட்டு நோயாளர் மருந்துக்கு வழியின்றி வருந்தினர். இடம்பெயர்ந்தோர் சிகிச்சை இடைநடுவே அறுந்துபோனது. போர் ஓய்ந்து பல்லாண்டு சென்றபின், 2022இல் நாட்டைச் சூழ்ந்த பொருளாதார நெருக்கடியிலும் மருந்துத் தட்டுப்பாடு தலைகாட்டியது. முடக்குவாதமோ ஆண்டுக்கணக்காகத் தொடரும் நோய். மருந்து வேண்டும், அது கிடைப்பதற்குக் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆயினும் மருந்து வரும்வரையில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று கையைக் கட்டியிருத்தல் வேண்டா. கிண்ணம் நிறைந்த இளஞ்சூட்டு நீரையும் ஒரு துண்டுப் பஞ்சையும் எந்தத் தடையும் மறிப்பதில்லை.

வீட்டிலுள்ளோர்க்கும் இவ்வரலாறு ஒன்றைக் கற்பிக்கின்றது. கை நொந்த தாயிடமிருந்து வேலையனைத்தையும் பறித்துக்கொள்ளுதல் அன்பு போலத் தோன்றும். பாரமான வாளியைப் பறித்துக்கொள்ளுங்கள், அது தகும். கீரை ஆய்வதையும் பூத் தொடுப்பதையும் பனையோலையிலே சிறு பெட்டி இழைப்பதையும் அவரிடமே விட்டுவையுங்கள். நோகும்போது நிறுத்தவும், நோவு தணிந்தபின் மீளத் தொடங்கவும் இடங்கொடுங்கள். காலையிலே அவர் விரலை மடக்கி நீட்டும்போது அருகிருந்து நீங்களும் உடன் செய்யுங்கள். ஓய்வும் அசைவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வீங்கிய மூட்டுக்கு ஓய்வு வேண்டும். வாழும் கைக்கு அசைவு வேண்டும். எந்த நாள் எதற்குரிய நாள் என்பதை அறிந்து நடப்பதே வைத்தியர் பலர் நூற்றாண்டு கடந்து கண்ட முறை. ஓய்வையே மருந்தென நம்பிக் கட்டுண்டு கிடந்து மடங்க மறந்த கைகள் எத்தனையோ! இனி நம் வீடுகளிலே ஒரு கையேனும் அவ்வாறு முடங்காதிருக்குமாயின், இந்நெடிய வரலாற்றைக் கற்றதன் பயன் அதுவே.